பக்கத்து ஆசனத்தில் மணல் மூட்டை

அம்பிட்டிய, கண்டி.
12.01.1980

அன்புள்ள கமலாசனிக்கு,

இக்கடிதம் உம்மையும் உமது தமக்கையார் குடும்பத்தினரையும் சுகத்தோடு காணட்டும். இங்கு நானும் வீடும் நலம். எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில் நொறுங்கிய முன்னறை யன்னற் கண்ணாடிகள் யாவும் மாற்றப்பட்டுவிட்டன. இறுதிக் கண்ணாடியைச் சென்ற புதன்கிழமை பொருத்தினார்கள்.

முக்கியமான செய்தி யாதெனில், விமானம் முடிந்துவிட்டது. ஆறாண்டுகளுக்கு முன் பின்வளவுக் கொட்டகையில் முதற் சட்டத்தை அறுத்த அன்று, "இது முடியிறதுக்கிடையிலை நாங்கள் கிழவனும் கிழவியுமாய்ப் போயிடுவம்" என்றீர். எனக்கு ஐம்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் உள்ளது. ஆகவே உமது கணிப்புப் பிழையாயிற்று.

விமானப் போக்குவரத்துத் திணைக்களத்திலிருந்து வந்த அதிகாரி இரண்டு சிறகுகளின் துணியையும் விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு இடப்பக்கத்தைக் காட்டி, இதைத் தைத்தவர் வேறு ஆளா என்று கேட்டார். ஆம் என்றேன். வலப்பக்கத்தைத் தைத்தவர் கடைத்தெருத் தையற்காரர் கணபதி என்றும் கூறினேன். இடப்பக்கத்தைத் தைத்தவர் யாரென்று அவர் கேட்கவில்லை. உமது பெயரை நானும் கூறவில்லை.

ஒரு விபரம் தேவைப்படுகிறது. விமானத்தில் இரண்டு ஆசனங்கள் அருகருகே அமைந்துள்ளன. சோதனைப் பறப்புகளில் விமானி மாத்திரமே இருக்கலாம். பக்கத்து ஆசனத்தில், பிற்காலத்தில் அமரக்கூடியவரின் நிறைக்குச் சமமான மணலை மூட்டையாக வைத்துக் கட்டவேண்டும். ஆகவே உமது தற்போதைய நிறையை அறியத் தரவும். காலணியுடன் நிறுத்ததாயின் அதையும் குறிப்பிடவும்.

இங்கு குளிர் கூடிய மாதம். உமது சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை அலுமாரியில் உள்ளது. தேவையாயின் அனுப்பிவைப்பேன். யாழ்ப்பாணத்தில் அது தேவைப்படாது என்பதை அறிவேன்.

என்றும் உமது,
அ. யோகேந்திரன்

•

கொக்குவில்.
29.01.1980

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

மனைவியிடம் நிறை கேட்டு எழுதும் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவதென்று நான் படிப்பிக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அக்கா வாசித்துவிட்டு, "இஞ்சை பாரடி, உன்ரை மனிசன் உன்னை மூட்டையாய்க் கட்டப் போறாராம்" என்று அடுத்த வளவுக்குக் கேட்கச் சிரித்தா. அத்தோடு விடவில்லை. பின்னேரம் வந்த ரீச்சர்மாருக்கும் சொல்லி, எல்லோருமாக எனக்கு ஆளுக்கொரு நிறை சொன்னார்கள். ஒன்றையும் உங்களுக்கு எழுதமாட்டேன். நீங்களே ஒரு கணக்கில் மணலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"விமானி மாத்திரமே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள்தானே? இரத்மலானைக்குப் போய் ஓட்டப் பழகி உரிமம் எடுத்தீர்கள், மறக்கவில்லை. ஆனால் அங்கே நீங்கள் ஓட்டியது பல பேர் ஏறி இறங்கிய விமானம். இது நம்முடைய கொட்டகையில் பிறந்தது. ஒருநாளும் எழும்பாத ஒன்றை முதன்முதலாக எழுப்புகிறவருக்கு எதைப் பிடித்துக்கொள்ள இருக்கிறது? சிரிக்க வேண்டாம். சிரிக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

கண்ணாடிகள் மாற்றியதை வாசித்தேன்.

கம்பளிச் சட்டையை அனுப்ப வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
கமலா

•

அம்பிட்டிய, கண்டி.
24.02.1980

மதிப்புக்குரிய மஹ்மூத் அவர்களுக்கு,

தாங்களும் துணைவியார் றிஸானாவும் சுகமாக இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். எனது சுகம் பற்றியதே இக்கடிதம்.

ஐம்பது வயது நிறைந்தமையால், விமான உரிமத்தைப் புதுப்பிக்கும் பொருட்டுக் கொழும்பில் வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட்டேன். இதயத் துடிப்பு இடையிடையே ஒழுங்கு தவறுவதாகக் கண்டுள்ளனர். மாத்திரைகளுடன் நெடுங்காலம் வாழலாம், மலையேறிக் கடமைக்குச் செல்லலாம், ஆனால் எந்நேரமும் ஒரு கண மயக்கம் வரக்கூடுமாதலால் விமானம் செலுத்த இயலாது என்று வைத்தியர் கூறினார். நான் வாதிடவில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளின் கொதிகலன்களைப் பரிசோதிப்பதே எனது உத்தியோகம். அழுத்தமானியின் முள் நடுங்கும் கொதிகலனுக்கு நான் ஒருநாளும் சான்றிதழ் வழங்கியதில்லை. எனக்கு மாத்திரம் வழங்கும்படி கேட்பது எங்ஙனம்?

எனக்கு ஓட்டப் பழக்கியவர் தாங்கள். ஆகவே இவ்விமானத்தின் முதற் பறப்பைத் தாங்கள் மேற்கொள்ள இயலுமா என்று வினவுகிறேன். மறுப்பதற்குப் பூரண உரிமை உண்டு. மறுத்தால் என் மதிப்பு எவ்விதத்திலும் குறையாது.

இன்னுமொன்று. இதனை என் மனைவிக்கு அறிவிக்கவில்லை. கலவரத்தில் எமது வீட்டுக்குக் கல்லெறிந்தபின் அவர் யாழ்ப்பாணத்தில் தமக்கையிடம் சென்றதும், வீட்டை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் இங்கே நின்றுவிட்டதும் தாங்கள் அறிந்ததே. இதயத்தின் நிலையை எழுதினால் மறுநாளே வந்து சேர்வார். அவர் வரவேண்டும் என்பதைவிட எனக்கு வேறு ஆசை இல்லை. ஆயினும் நோயாளியைப் பார்க்க வருபவராக அவரை வரவழைப்பது முறையன்று. தங்களுக்கு அவருடன் பேசும் சந்தர்ப்பம் வாய்த்தால், இதனைக் கூறாதிருக்கும்படி வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அ. யோகேந்திரன்

•

இரத்மலானை.
05.03.1980

அன்பும் மரியாதையும் உள்ள சேர்,

அல்லாஹ் உங்கள் இதயத்துக்கு நல்ல ஒழுங்கைக் கொடுக்கட்டும். உங்களைவிட ஒழுங்கான மனிதரை நான் பழக்கியதில்லை. அந்த இதயம் உங்களிடம் இருந்துகொண்டு இப்படிச் செய்தது பெரிய துணிச்சல்தான்.

நான் ஓட்டுகிறேன். யோசித்துச் சொல்லவில்லை, கடிதத்தின் பாதியிலேயே முடிவெடுத்துவிட்டேன். அடுத்த மாதம் கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலைக்கு வந்து, நீங்கள் பறப்புக்குப் பார்த்து வைத்திருக்கும் ஆற்றோரப் புல்வெளியை நானே ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். எஞ்சினை நான் முன்னால் நிற்க ஓடவிட்டுக் காட்டவேண்டும். ஆசனம் உங்கள் கால் நீளத்துக்கு அளந்து கட்டியது என்பதால், எனக்கு முதுகுக்கு ஒரு தலையணையும் கொஞ்சம் மரியாதையும் தேவை.

உங்கள் வீட்டு விஷயத்தை நான் எவரிடமும் பேசமாட்டேன். ஆனால் றிஸானா கடிதத்தை வாசித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள்: "சேர் மூடி வெச்சிருந்தா அவங்க அங்க நிம்மதியாவா இருப்பாங்க? சேர்தான் ஓட்டப்போறாருன்னு நெனச்சிப் பயந்துக்கிட்டுதானே இருப்பாங்க? ஒங்களுக்கு இப்படி ஒண்டு வந்து எனக்குச் சொல்லாம உட்டீங்கண்டா, ஒங்கட பிளேனுக்கு நானே ஓட்டையப் போடுவன்."

நான் இதில் கருத்துச் சொல்லவில்லை. எனக்கு என் விமானங்கள் முழுதாக வேண்டும்.

உங்கள்,
மஹ்மூத்

•

கொக்குவில்.
22.03.1980

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மற்றபடி ஒருவருக்கும் குறையில்லை.

என் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. "வீடு நலம். தோட்டம் நலம். எஞ்சின் சீராக இயங்குகிறது." இதில் ஒரு ஆள் விடுபட்டிருக்கிறார். நீங்கள் மறந்துபோய் எதையும் விடுகிறவர் இல்லை. சுகமில்லாமல் இருக்கிறீர்களா, அல்லது பயந்துபோய் இருக்கிறீர்களா? பயம் என்றால் அதை எழுதினால் என்ன? உங்களுக்கு எழுத வராவிட்டால் நானே எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது யன்னலால் பார்த்தால், மேலே ஒரு பருந்து சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதுகூட இறங்கும்வரைக்கும் யன்னலை விட்டு நகரமாட்டேன்.

பறக்கும் நாளை எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் அன்று முழுவதும் நான் ஒரு வேலைக்கும் ஆகமாட்டேன். இல்லை, எழுதுங்கள். எழுதாவிட்டால் எல்லா நாளும் அந்த நாளாகிவிடும்.

நேற்று யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போனேன். ஒருவரையும் ஏற்றிவிட அல்ல, அங்கே நிறை பார்க்கும் மெசினுக்காகத்தான். காசு போட்டதும் வந்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். செருப்போடுதான் ஏறினேன். மூட்டை கட்டுவதென்றால் சரியாகக் கட்டுங்கள்.

சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ பலன் அடித்திருக்கிறது. அதை வாசிக்க வேண்டாம்.

அன்புடன்,
கமலா

•

அம்பிட்டிய, கண்டி.
09.04.1980

அன்புள்ள கமலாசனிக்கு,

உமக்கும் வீட்டாருக்கும் புதுவருட வாழ்த்துகள். வெயிலில் வெறுந்தலையுடன் பாடசாலைக்குச் செல்லவேண்டாம்.

நிறைச் சீட்டுக் கிடைத்தது. பின்பக்கத்தை வாசிக்கவில்லை. முன்பக்கத்தில் உள்ள எண், நான் மனதில் வைத்திருந்ததைவிட ஆறு கிலோ குறைவாக உள்ளது. இயந்திரத்தின் பிழையாக இருக்கலாம். பிழையில்லையாயின், நேரத்துக்குச் சாப்பிடவும்.

விமானத்தைச் சென்ற ஞாயிறன்று லொறியில் குண்டசாலைக்குக் கொண்டுசென்றோம். சிறகுகளைக் கழற்றித் தனியாகவும் உடலைத் தனியாகவும் ஏற்றினோம். லொறிக்காரர் சின்னமுத்து, எமது தோட்டத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் ஏற்றுபவர், அம்பிட்டிய வளைவுகளில் மாட்டு வண்டியின் வேகத்தில் இறக்கினார். பின்னால் நின்ற பஸ் சாரதி ஹோன் அடித்தபோது தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் பொறுங்க மாத்தியா, இது மேல போற வண்டி, ரோட்டுல ஓடிப் பழக்கமில்ல!" என்று கத்தினார்.

புல்வெளியில் சிறகுகளைப் பொருத்தியபின், மகாவலி மணலைக் காயவைத்து நிறுத்து, இரண்டு சாக்குகளில் இட்டுப் பக்கத்து ஆசனத்தில் வைத்தேன். இடைவாரையும் மாட்டினேன். சின்னமுத்து பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, மணலு எங்கங்க ஓடிறப் போவுது? அதுக்கு எதுக்குங்க பெல்ட்டு?" என்றார். மேற்பார்வைக்கு வந்திருந்த பயிற்றுநர் மஹ்மூத், "அது ஆர்ட எடம் எண்டு தெரிஞ்சா நீங்களும் கட்டுவீங்க" என்றார். வார் சரியாக இறுகியுள்ளதா என்பதை மீண்டும் பார்த்தேன்.

பின்பு புல்லின்மீது ஓட்டிப் பார்த்தேன். அனுமதி தரையோட்டத்துக்கு மாத்திரமே. மூன்றாவது ஓட்டத்தில் வால் எழும்பியது. சக்கரங்களின் குலுக்கம் படிப்படியாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போயிற்று. அந்நிலையில் கைப்பிடியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தால் போதும், விமானம் எழும்பிவிடும். எஞ்சினைத் தணித்தேன். மீண்டும் குலுக்கம் தொடங்கியது. இறங்கியபின், நீண்ட நேரம் சிறகின் நிழலில் நின்றேன்.

முதற் பறப்பு மே நடுப்பகுதியில், தென்மேல் காற்று எழும்புமுன் நிகழும். திகதியை அறிவிப்பேன்.

என்றும் உமது,
அ. யோகேந்திரன்

•

கொக்குவில்.
21.04.1980

அன்புள்ள அத்தானுக்கு,

எங்கள் சுகத்தை நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். அக்காவுக்கு முழங்கால் நோ. எனக்கு ஒன்றுமில்லை. மெசின் பிழையில்லை.

உங்கள் கடிதத்தில் சிறகின் நிழலில் நின்றதாக எழுதிய இடத்துக்கு மேலே என்னால் போகமுடியவில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே நிற்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் நீங்கள் ஒரு காரணமும் இல்லாமல் ஓரிடத்தில் நின்றதாக எனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை.

நான் வருகிறேன். திகதியை எழுதுங்கள். அதற்கு முதல் நாள் லீவு எடுத்து ரயில் ஏறுவேன். நான் வந்து அந்தப் புல்லில் நிற்கும்வரைக்கும் நீங்கள் எழும்பக் கூடாது. நான் நின்றால் விழமாட்டீர்கள் என்று இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் கடிதத்தில் அறிந்துகொள்ள என்னால் ஏலாது, அத்தான். எதுவானாலும் என் கண்ணால் பார்க்கவேண்டும்.

அம்பிட்டியவுக்கு வரமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், நல்லது. எனக்கு இன்னும் அந்தப் படிக்கட்டில் ஏற மனம் வரவில்லை. கண்டியில் ஒரு ரீச்சர் வீட்டில் தங்கிக்கொள்வேன். குண்டசாலைக்கு வந்து, பார்த்து, திரும்பிவிடுவேன்.

நீங்கள் பறந்து இறங்கியபின் என்னோடு ஒரு வார்த்தை பேசினால் போதும்.

அன்புடன்,
கமலா

•

அம்பிட்டிய, கண்டி.
30.04.1980

அன்புள்ள கமலாசனிக்கு,

உமது தமக்கையாரின் முழங்கால் விரைவில் குணமாகட்டும். எனது சுகம் பற்றிக் கடந்த சில கடிதங்களில் நான் எழுதாதிருந்ததை நீர் அவதானித்தீர். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

மாசி மாதத்தில் எனது விமான உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பதாக வைத்தியர் கண்டுள்ளார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. மாத்திரைகளைத் தவறாது எடுக்கிறேன். கடமைக்கும் செல்கிறேன். ஆனால் நான் பறக்கப்போவதில்லை. விமானத்தைச் செலுத்தப்போகிறவர் மஹ்மூத்.

இதனை மறைத்ததற்குக் காரணம் உண்டு. அறிந்தால் நீர் உடனே புறப்பட்டு வருவீர், நோயின் பொருட்டு வருவீர் என்று எண்ணினேன். அவ்வாறான வருகையை நான் விரும்பவில்லை. இது ஒரு காரணம். மற்றையது எழுதக் கடினமானது. நீர் எனக்காகப் பயந்து எழுதிய கடிதங்களைப் போல உமது எழுத்து எனக்கு மூன்று வருடங்களாகக் கிடைக்கவில்லை. அவற்றை இழக்க மனம் வரவில்லை.

ஆனால் நீர் இப்போது வருவதாக எழுதியிருக்கிறீர். உண்மையல்லாத ஒன்றின்மீது உம்மை அத்தனை தூரம் பயணம் செய்ய விடுவது என்னால் இயலாது. பறப்பு மே 17, சனிக்கிழமை காலை. இவற்றை அறிந்தபின் வருவதும் வராமல் விடுவதும் முற்றாக உமது விருப்பம். எதுவாயினும் நான் ஏற்பேன்.

என்றும் உமது,
அ. யோகேந்திரன்

•

அம்பிட்டிய, கண்டி.
18.05.1980

அன்புள்ள கமலாசனிக்கு,

நீர் சுகமாக இருக்கிறீர் என்றே கொள்கிறேன். சென்ற கடிதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை.

விமானம் நேற்றுப் பறந்தது. மஹ்மூத் சுகமே இறங்கினார். இவ்விரண்டையும் முதலில் எழுதிவிட்டேன், ஏனையவற்றை நீர் ஆறுதலாக வாசிக்கலாம்.

ஆற்றின்மேற் பனிப்புகார் கலைந்த வேளையில் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஆணியையும் நானும் மஹ்மூத்தும் தனித்தனியே பரிசோதித்தோம். ஆனால் புறப்படுவதற்கான சைகையை நான் கொடுக்கவில்லை. எண்ணெயை மறுபடியும் பார்க்கவேண்டும் என்றேன். பின்பு சக்கரத்தின் காற்றைப் பார்க்கவேண்டும் என்றேன். மஹ்மூத் ஆசனத்திலிருந்து எட்டிப் பார்த்து, "சேர், நீங்க டயரப் பாக்கல்ல, ரோட்டப் பாக்குறீங்க. இன்னம் கொஞ்சம் போனா காத்து எழும்பிரும்" என்றார். குண்டசாலை வீதியில் அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். இருவரும் சந்தைக்குச் செல்பவர்கள்.

கையை உயர்த்தினேன்.

புல்வெளியின் பாதிக்கு முன்னரே எழும்பிவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிட இலகுவாக எழும்பியது. மஹ்மூத்தின் மனைவி றிஸானா எனக்கருகில் நின்றார். எஞ்சின் ஒலி மாறிய ஒவ்வொரு தடவையும், "சேர், அது சரியான சத்தமா? இது சரியான சத்தமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சரியான சத்தம் என்று ஒவ்வொரு தடவையும் கூறினேன். ஆற்றின் வளைவுக்கு அப்பால் விமானம் மரங்களுக்குப் பின்னால் மறைந்தபோது அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அவருடைய விரல்கள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தன. அவர் அதை அறியவில்லை. அப்போதுதான் இத்தனை மாதங்களாக நான் உம்மை எந்த நிலையில் வைத்திருந்தேன் என்பது எனக்கு விளங்கியது. அதைவிட, இவருடைய கணவரை நான் என்ன கேட்டேன் என்பதும் விளங்கியது. அனுமதி உண்டு, கையொப்பம் உண்டு, அவருடைய சம்மதமும் உண்டு. அவை ஒன்றும் அந்த விரல்களுக்குப் பதிலாக இருக்கவில்லை.

திரும்பி வந்தது. மூன்று வட்டங்கள் சுற்றி இறங்கியது. றிஸானா என் கையை விட்டு ஓடினார். ஓடிப் போய்க் கணவரைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். "தலயணைய எங்க? தலயணை இல்லாமயா போனீங்க?" என்று ஏசத் தொடங்கினார். மஹ்மூத் என்னிடம் வந்து, "சேர், கைய விட்டாலும் நேராப் போகுது. கொஞ்சம் எடப்பக்கம் சாயுது, அவ்வளவுதான்" என்றார். அந்தச் சாய்வை அடுத்த பறப்புக்கு முன் சரிசெய்வேன்.

எல்லோரும் கைகுலுக்கினார்கள். சின்னமுத்து தேநீர் கொண்டுவந்தார். நான் மகிழ்ச்சியாக இருக்கவேண்டிய வேளை அது. மகிழ்ச்சியாகவே இருந்தேன். ஆயினும் அந்த மகிழ்ச்சியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என்றும் உமது,
அ. யோகேந்திரன்

•

கொக்குவில்.
26.05.1980

அன்புள்ள அத்தானுக்கு,

மாத்திரைகளை எடுக்கிறீர்களா? இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிப்பது இவ்வளவுதான்.

பதில் எழுதாதது தபாலின் குற்றம் இல்லை. என்னுடையது. உங்கள் கடிதம் வந்த அன்று இரண்டு தடவை அழுதேன். முதலில் நீங்கள் விழமாட்டீர்கள் என்று. பிறகு இதயம் என்று. அதன்பிறகு கோபம் வந்தது, அது போகவில்லை. உங்களுக்காக நான் வைத்த நேர்த்திக்கடனை, பார்த்தும் அறியாத அந்தப் பிள்ளை மஹ்மூத்துக்கு மாற்றிவிடச் சொல்லிப் பிள்ளையாரிடம் போய் நின்றேன். ஐயர், "என்ன ரீச்சர், ஆள் மாறிப்போச்சோ?" என்று கேட்டார்.

பறப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை உடுப்புப் பையோடு ஸ்டேசனுக்குப் போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். ரயில் வந்தது, நின்றது, போனது. நான் எழும்பாமல் பிளாட்போம் வாங்கிலிலேயே இருந்தேன். ஏறினால் யாராக ஏறுவது? நோயாளியைப் பார்க்க வந்தவளாக வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். "உமது விருப்பம்" என்று எழுதிவிட்டீர்கள். ஒருவர் வழி மறிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை என்றால், வாங்கிலில் இருப்பதைத்தவிர வேறென்ன செய்வது?

அங்கே இருந்து யோசித்ததை எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை.

நான் வருவேனா, மாட்டேனா என்பதைப் பற்றியே நாங்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாக யோசிக்கிறோம். வருவதென்றால் நான்தான் வரவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தீபாவளிக்கு இரண்டு தடவை வந்தீர்கள். இரண்டு தடவையும் திரும்பிப் போகும் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டீர்கள். அந்த வீட்டை விட்டு விலகினால் கல்லெறிந்தவர்கள் செய்தது நியாயமாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது விளங்காமல் இல்லை. வீடு எங்களுடையது, நீங்கள் சொல்வது சரி. ஆனால் சரியாக இருப்பதற்காக நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். நானும் இருக்கிறேன்.

ஆகாயத்தில் ஏறுவதற்கு ஆறு வருடம் பாடுபட்டீர்கள், அத்தான். இங்கே வர, பொல்கஹவலையில் மாறி ஒரு ரயில் ஏறவில்லை.

கமலா

•

அம்பிட்டிய, கண்டி.
03.06.1980

அன்புள்ள கமலாசனிக்கு,

மாத்திரைகளை எடுக்கிறேன். துடிப்பு இன்னும் ஒழுங்காகவில்லை. இரவில் இடப்பக்கம் படுத்தால் அது எனக்குக் கேட்கிறது. மற்றபடி சுகம். உமது சுகத்தை எழுத்தில் அறிய இனி விருப்பமில்லை.

உமது கடிதத்தை வாசித்தபின், பதிலாக ஒன்றன்பின் ஒன்றாக எனது நியாயங்களை எழுதத் தொடங்கினேன். அவை யாவும் சரியானவை. இரண்டு பக்கம் எழுதியபின், இவற்றை யாருக்கு எழுதுகிறேன் என்று எண்ணி நிறுத்திவிட்டேன். நீர் என்னிடம் நியாயங்களைக் கேட்கவில்லை. வழியில் நிற்கும் கல்லை எடுத்துப்போடும்படி கேட்டீர். அந்தக் கல் நானே.

மேலதிகாரியிடம் சென்று, சேர்ந்திருக்கும் விடுமுறை முழுவதையும் தரும்படி கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்காத ஒன்றாகையால் அவர் திகைத்தார். சுகமில்லையா என்றார். சுகமில்லைதான், ஆனால் அதற்காக அல்ல, மனைவியுடன் இருப்பதற்கு என்றேன். அவர் கையொப்பமிட்டார். விடுமுறை முடிந்தபின் என்ன என்பதை நான் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்காமல் ஒரு காரியத்தில் இறங்குவது எனக்குப் புதிது. அங்கு வந்து உம்முடன் பேசித் தீர்மானிக்கலாம்.

வீட்டுத் திறப்புக் கொத்தைச் சின்னமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன். "எத்தன நாளைக்குங்க ஐயா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப அம்மா ஊட்டுக்குத்தான் போறீங்க" என்று உம்மைக் குறிப்பிட்டுச் சிரித்தார். விமானத்தை மஹ்மூத் பொறுப்பேற்றுள்ளார். மீதிச் சோதனைப் பறப்புகளை அவர் முடிப்பார். நான் அருகில் நிற்கத் தேவையில்லை என்று அவரே கூறினார். றிஸானா உமக்கென்று ஒரு பெட்டி லெவரியாப் பலகாரம் செய்து தந்திருக்கிறார். அது யாழ்ப்பாணம் வரை கெடாதிருக்குமா என்று நான் வினவியதற்கு, "கெட்டா என்ன சேர், நீங்க போய்ச் சேருங்க" என்றார்.

ஒருவழி டிக்கெட்டே எடுத்திருக்கிறேன்.

இக்கடிதத்தை இன்று மாலை தபாலிற் சேர்க்கிறேன். நான் நாளைக் காலை புறப்படுகிறேன். ஆகவே நானும் இதுவும் ஒரே ரயிலில் வருவதும் சாத்தியமே. கடிதம் முந்தினால், ஸ்டேசனுக்கு வாரும். இதை உமது விருப்பத்துக்கு விடவில்லை. வாரும் என்றே எழுதுகிறேன். நான் முந்தினால், தபாற்காரர் மணியடிக்கும்போது நீர் எழும்பவேண்டாம். வாசற் படலைக்கு நானே போய் வாங்கி வருகிறேன்.

யோகேந்திரன்